அஞ்சாத பிராணிகளைக் காணச் செல்லுமுன்

கோயிலுக்குச் செல்வோர் நீராடித் தூய உடை உடுத்திச் செல்கின்றனர். வாயிலில் செருப்பைக் கழற்றி வைக்கின்றனர். பெரியோரைக் காணச் செல்வோர் என்ன பேசவேண்டும் என்று வழியெல்லாம் எண்ணிக்கொண்டு செல்கின்றனர். ஆனால் காட்டையும் கடலையும் அங்கு வாழும் உயிர்களையும் காணச் செல்லும்போது மட்டும் பணம், பயணச்சீட்டு, புகைப்படக் கருவி ஆகிய மூன்றும் இருந்தால் போதும் என்று நினைத்துவிடுகிறோம். மனத்தில் செய்துகொள்ள வேண்டிய ஆயத்தம் ஒன்று உண்டு என்பதை மறந்துவிடுகிறோம்.

வெளிநாட்டில் பணிபுரியும் என் மகன், அடுத்த ஆண்டு எங்கள் குடும்பத்தார் அறுவரையும் கலாபகஸ் தீவுகளுக்கு அழைத்துச் செல்லவேண்டும் என்று விரும்புகிறான். திட்டம் வகுக்கும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தான். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பாடக்குறிப்பு எழுதிய கை சும்மா இருக்குமா? ஒரு குறிப்பேட்டை எடுத்து மூன்று தலைப்புகள் இட்டேன். காணவேண்டியவை, கொண்டுசெல்ல வேண்டியவை, விட்டுச்செல்ல வேண்டியவை என்பன அவை. முதல் இரண்டும் விரைவில் முடிந்தன. மூன்றாவது தலைப்பே பக்கம் பக்கமாக வளர்ந்தது. அந்தக் குறிப்பேட்டில் உள்ளவற்றைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

முதலில் இடத்தை அறிவோம். தென் அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஈக்வடார் என்னும் நாடு உள்ளது. அதற்கு மேற்கே, பசிபிக் மாகடலில், ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் தொலைவில், பூமத்திய ரேகையின்மீதே சிதறிக் கிடப்பவை கலாபகஸ் தீவுகள். எரிமலைகள் கடலடியிலிருந்து எழுந்து குளிர்ந்து உண்டான தீவுகள் இவை. எந்த நிலப்பகுதியோடும் இவை என்றும் ஒட்டியிருந்ததில்லை. ஆகவே நீந்தியும் பறந்தும் மிதந்தும் வரக்கூடிய உயிர்களே இங்கு வந்து சேர்ந்தன. புலி வரவில்லை, நரி வரவில்லை, பூனை வரவில்லை. 1959-ஆம் ஆண்டில் ஈக்வடார் அரசு இத்தீவுகளைத் தேசியப் பூங்காவாக அறிவித்தது. நிலப்பரப்பில் 100-க்கு 97 பங்கு பூங்காவுக்கு உரியது. எஞ்சிய 3 பங்கில்தான் ஊர்களும் வயல்களும் உள்ளன. 2015-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்வோர் தொகை 25,000-க்குச் சற்று மேல்.

இத்தீவுகளின் பெருஞ்சிறப்பு யாது? பேராமைகள் உண்டு, கடலில் மூழ்கிப் பாசி மேயும் ஓணான்கள் உண்டு, பறக்க மறந்த நீர்க்காகம் உண்டு, குளிர்ந்த நீரோட்டத்தின் தயவால் பூமத்திய ரேகையருகே வாழும் பென்குவின்களும் உண்டு. ஆனால் இவை எல்லாவற்றினும் வியப்பானது வேறொன்று. அங்குள்ள பிராணிகள் மனிதனைக் கண்டு அஞ்சுவதில்லை.

1535-ஆம் ஆண்டில், பனாமாவின் பாதிரித் தலைவராகிய தொமாஸ் தெ பெர்லாங்கா என்பவரின் கப்பல், காற்றின்றி நீரோட்டத்தால் இழுக்கப்பட்டு இத்தீவுகளை அடைந்தது. குடிநீர் இல்லாமல் கள்ளிமடலைப் பிழிந்து குடித்துத் தவித்த நிலையிலும், அங்கிருந்த பறவைகள் தப்பி ஓடவும் அறியாத பேதைகளாக இருந்ததை அவர் குறித்து வைத்தார். அவற்றுள் பலவற்றைக் கையாலேயே பிடித்தனராம். அதற்கு 300 ஆண்டுகள் கழித்து, 1835 செப்டம்பரில், சார்லஸ் டார்வின் அங்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 26. ஐந்து வாரங்கள் அத்தீவுகளில் கழித்தார். மரக்கிளையில் அமர்ந்திருந்த பருந்து ஒன்றைத் தம் துப்பாக்கியின் முனையாலேயே தள்ளியதாக அவர் எழுதியுள்ளார். அத்தீவுகளில் அவர் கண்டவை பின்னாளில் உயிரினங்களின் தோற்றம் பற்றிய அவர் கொள்கைக்குத் துணைநின்றன. அந்த நூல் 1859-இல் வெளிவந்தது. சரியாக நூறாண்டு கழித்தே பூங்கா அமைந்தது.

பறவை அஞ்சாததற்குக் காரணம் பேதைமை என்று அன்றைய மாலுமிகள் எண்ணினர். உண்மை அதுவன்று. தரைவழியே துரத்தும் பெரிய விலங்கு எதனையும் அவற்றின் முன்னோர் பல்லாயிரம் தலைமுறைகளாகக் கண்டதில்லை. கல்லாத பாடத்தைத் தேர்வில் கேட்டால் குழந்தை என்ன செய்யும்? மனிதன் என்னும் பாடம் அவற்றுக்குக் கற்பிக்கப்படவில்லை.

அப்பாடத்தை மனிதன் கற்பித்த விதம் கொடியது. பேராமை, உணவும் நீருமின்றி ஓராண்டுவரைகூட உயிர்தரிக்கும். இதை அறிந்த கடற்கொள்ளையரும் திமிங்கில வேட்டைக் கப்பலினரும் ஆமைகளைப் பிடித்துக் கப்பலின் அடித்தளத்தில் அடுக்கி வைத்துக்கொண்டு, வேண்டியபோது வெட்டித் தின்றனர். இவ்வாறு அழிந்தவை ஒரு லட்சத்துக்கும் மேல் என்று கணிக்கின்றனர். டார்வினும் அந்த இறைச்சியை உண்டவரே. ஆமையின் முதுகில் ஏறி அமர்ந்து பார்த்தவரே. அக்காலத்தில் யாரும் அதைப் பிழையாகக் கருதவில்லை.

பிந்தா என்னும் சிறு தீவின் கதையைக் கேளுங்கள். அங்கு ஆமைகள் அறவே அழிந்தன என்று எண்ணியிருந்தபோது, 1971-இல் ஒரே ஓர் ஆண் ஆமை கண்டுபிடிக்கப்பட்டது. ‘தனித்த ஜார்ஜ்’ என்று அதற்குப் பெயரிட்டனர். அதற்கு ஒரு துணையைத் தேடி நாற்பது ஆண்டுகள் முயன்றனர், கிடைக்கவில்லை. 2012 ஜூன் 24-ஆம் நாள் அது இறந்தது. அதனோடு ஓர் இனமே முடிவுற்றது. அதே தீவில், பூங்கா அறிவிக்கப்பட்ட அதே 1959-ஆம் ஆண்டில், மீனவர் சிலர் மூன்று வெள்ளாடுகளை விட்டுச் சென்றனர். பின்னாளில் இறைச்சிக்கு உதவும் என்பதே அவர்கள் எண்ணம். பதினைந்து ஆண்டுகளுக்குள் அவை பல்லாயிரமாகப் பெருகித் தீவின் பசுமையை மேய்ந்து தீர்த்தன. அவர்கள் கொடியவர் அல்லர். நாளைக்கு ஆகும் என்று சேமித்து வைத்தவர்களே. ஓர் எளிய இல்லறச் சிக்கனம் ஒரு தீவையே மொட்டையாக்கிவிட்டது.

பிற தீவுகளிலும் இதே நிலை. 1997-ஆம் ஆண்டு தொடங்கி 2006 வரை நடந்த பெருமுயற்சியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆடுகளை அகற்ற வேண்டியிருந்தது. கடைசியாக ஒளிந்திருந்தவற்றைக் கண்டுபிடிக்க, வானொலிக் கருவி பொருத்திய ஆடுகளை மந்தையோடு சேரவிட்டு, அவற்றைப் பின்தொடர்ந்தனர். மூன்று ஆடுகளை இறக்கிவிட ஒரு நாழிகை போதும். விளைவை நீக்க எத்தனை ஆண்டுகள், எத்தனை பொருள், எத்தனை உயிர்கள் பாருங்கள்.

இந்த வரலாற்றைப் படித்தபின்தான் என் மூன்றாவது தலைப்பு நீளத் தொடங்கியது. விட்டுச்செல்ல வேண்டியவற்றுள் முதலில் எழுதியது, பழங்களும் விதைகளும். உறவினர் வீட்டுக்குப் போனால் தோட்டத்தில் விளைந்ததைக் கொண்டுபோய்க் கொடுப்பது நம் வழக்கம். அங்கு அது குற்றம். விமான நிலையத்தில் பெட்டிகளைத் திறந்து சோதிப்பார்கள். ஏன் இவ்வளவு கடுமை? கொய்யாவை நாம் நன்கு அறிவோம். அங்கே அது மனிதரால் கொண்டுவரப்பட்டு, மேட்டுநிலங்களை அடர்ந்து மூடிவிட்டது. நம் மலைக்காடுகளை நெருக்கும் உண்ணிச்செடி அங்கும் பகையாக நிற்கிறது. அங்குள்ள களைகளுள் மிகக் கொடியவை எனக் கருதப்படுவனவற்றுள் ஒன்று, ஒரு முட்புதர். மைசூர் ராஸ்பெரி என்று உலகம் அதற்குப் பெயர் வைத்திருக்கிறது. ஆம், நேயர்களே, அது நம் நாட்டு மலைகளில் இயல்பாக வளர்வதே. இங்கே மலைச்சரிவில் சிறுவர் பறித்துத் தின்னும் பழம், அங்கே ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து பிற செடிகளைச் சாகடிக்கிறது. பிறந்த இடத்தில் உறவாக இருப்பது, போன இடத்தில் பகையாகிவிடுகிறது. செடிக்கு உள்ள இந்த நியதி மனிதனுக்கும் பொருந்தும் என்று எனக்குத் தோன்றியது.

ஆகவே, புறப்படுமுன் ஒவ்வொருவர் செருப்பின் அடியையும் கழுவித் துடைக்கவேண்டும் என்று எழுதிக்கொண்டேன். காற்சட்டையின் மடிப்பில் ஒட்டும் புல்விதையையும் பார்க்கவேண்டும். கோயில் வாயிலில் செருப்பைக் கழற்றுவதைவிட இது பெரிய வேலையன்று.

இரண்டாவதாக விட்டுச்செல்ல வேண்டியது கட்டுச்சோறு. புளியோதரையும் தயிர்ச்சோறும் இன்றி நமக்குப் பயணமே இல்லை. ஆனால் பூங்காவின் பார்வையிடங்களில் உணவு உண்ணலாகாது. ஊருக்குத் திரும்பித்தான் சாப்பிடவேண்டும்.

மூன்றாவது, தொட்டுப் பார்க்கும் ஆசை. எந்தப் பிராணிக்கும் 2 மீட்டருக்கு அருகில் செல்லக்கூடாது என்பது விதி. நான்கு முழ வேட்டி ஒன்றை விரித்தால் ஏறத்தாழ அந்த நீளம் வரும். பேரக் குழந்தைகளுக்கு அவ்வாறே விரித்துக் காட்டினேன். சொல்வதற்கு இது எளிது. ஆனால் கடற்கரையில் கடற்சிங்கக் குட்டி ஒன்று குழந்தையைப் போல் தானாகவே தவழ்ந்து நம் காலடிக்கு வருமாம். அப்போது பின்வாங்க வேண்டியவர் நாம்தான். தாய்க் கடற்சிங்கம் தன் குட்டியைக் குரலாலும் வாசனையாலும் அறிகிறது. அந்த வாசனையில் நம் கைவாசனை கலக்கலாகாது. அன்பு மிகுந்தால் அணைக்கவேண்டும் என்று நினைப்பவர் நாம். விலகி நிற்பதும் அன்பின் வகையே என்பதைக் குழந்தைகளுக்கு மட்டுமன்று, எனக்கும் நான் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நான்காவது, எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்னும் அவா. அங்கே ஒவ்வொரு தீவும் ஒரு தனி உலகம். எந்தத் தீவின் ஆமை என்பதைப் பார்த்த மாத்திரத்தில் தம்மால் கூறமுடியும் என்று அங்கிருந்த துணை ஆளுநர் டார்வினிடம் சொன்னாராம். ஆல்பட்ராஸ் பறவையைக் காண எஸ்பஞோலா தீவுக்கு ஏப்ரல் முதல் டிசம்பருக்குள் செல்லவேண்டும். பறக்காத நீர்க்காகத்தைக் காண மேற்குக் கோடித் தீவுகளுக்குச் செல்லவேண்டும். எல்லாவற்றையும் காண விரும்புவோர் கப்பலிலேயே தங்கித் தீவு தீவாகச் செல்கின்றனர். எங்களைப் போன்ற முதியோருக்கும் சிறுவருக்கும் வேறு வழி உண்டு. சாந்தா குரூஸ் தீவில் உள்ள புவெர்த்தோ அயோரா என்னும் ஊரில் தங்கி, பகலில் அருகிலுள்ள இடங்களுக்குச் சென்று திரும்பலாம். அத்தீவின் மேட்டுநிலத்தில் பேராமைகள் தம் விருப்பப்படி நடந்து திரிவதைக் காணலாம். நான் இந்த வழியையே தேர்ந்தேன். ஐந்து தீவுகளை ஓட்டமாகப் பார்ப்பதினும் ஒரு தீவில் அமைதியாக அமர்வது நலம்.

இது நிற்க. வேறு சில நடைமுறைச் செய்திகளையும் கூறிவிடுகிறேன். தீவுகளுக்கு விமானம் கீத்தோவிலிருந்தும் குயாகிலிலிருந்தும் புறப்படுகிறது. தலைநகராகிய கீத்தோ ஏறத்தாழ 2,850 மீட்டர் உயரத்தில் உள்ளது. நம் தொட்டபெட்டாச் சிகரமே 2,637 மீட்டர்தான். மூச்சுத் தொல்லை உடைய முதியோர் கடல்மட்டத்தில் உள்ள குயாகில் வழியாகச் செல்வது நல்லது. ஈக்வடாரிலிருந்து இந்தியா திரும்புவோர் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று காட்டவேண்டும். அறுபதைக் கடந்தோர் அந்த ஊசியைப் பற்றி மருத்துவரைக் கலந்துகொள்ளாமல் முடிவு செய்யலாகாது. தட்பவெப்பத்தைப் பொறுத்தவரை, டிசம்பர் முதல் மே வரை வெயிலும் அவ்வப்போது மழையும் இருக்கும். கடல் அமைதியாக இருக்கும். ஜூன் முதல் நவம்பர் வரை குளிர்ந்த மென்தூறலும் கொந்தளிப்பும் உண்டு. ஆனால் கடலில் உணவு மிகுந்து பறவைகள் செழிக்கும் காலமும் அதுவே. படகுப்பயணம் ஒவ்வாதவர் முதற்பருவத்தை நாடுவது தகும். பூங்காவின் பெரும்பாலான இடங்களுக்கு உரிமம் பெற்ற வழிகாட்டியுடன்தான் செல்லவேண்டும். ஒரு வழிகாட்டிக்கு 16 பேருக்கு மேல் கூடாது. நுழைவுக் கட்டணம் வெளிநாட்டுப் பெரியவர்களுக்கு 100 டாலராக இருந்தது. 2024 ஆகஸ்டு முதல் 200 டாலராக உயர்த்தப்பட்டது.

இவ்வளவையும் எழுதி முடித்து என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, “இத்தனை தீங்கும் மனிதர் போனதால்தானே வந்தது? நாம் போகாமல் இருந்துவிட்டால் அந்த வாயில்லா ஜீவன்களுக்கு நன்மையாயிற்றே?” என்று கேட்டார். குறிப்பேட்டை மூடி வைத்துவிட்டேன். ஒரு வாரம் எனக்கு விடை கிடைக்கவில்லை.

அவர் கேள்வியில் நியாயம் இருக்கிறது. 2023-ஆம் ஆண்டில் மட்டும் 3 லட்சத்துக்கு மேற்பட்டோர் அங்கு சென்றுள்ளனர். அவ்வளவு பேருக்கும் உணவும் நீரும் எரிபொருளும் வேண்டும். கப்பலில் வரும் ஒவ்வொரு மூட்டையிலும் ஓர் எறும்போ ஈயோ ஒளிந்து வரக்கூடும். அப்படி வந்த ஓர் ஈ, குருவிக் கூடுகளில் முட்டையிட்டு, அதன் புழுக்கள் குஞ்சுகளின் இரத்தத்தை உறிஞ்சுகின்றன. டார்வின் பெயரால் வழங்கும் குருவிகளில் ஓரினம் நூற்றுச் சொச்சமே எஞ்சியுள்ளது.

ஆனால் மறுபக்கமும் உண்டு. அங்கு வாழும் மக்களும் உண்ணவேண்டும் அன்றோ? 1990-களில் கடல் அட்டைக்கு வெளிநாடுகளில் நல்ல விலை கிடைத்தபோது, அதைப் பிடிக்க விதித்த கட்டுப்பாடுகளை எதிர்த்து மீனவர்கள் அங்குள்ள ஆராய்ச்சி நிலையத்தையே முற்றுகையிட்டனர். காப்பதால் வாழ்வு கிடைக்கும் என்றால் மக்கள் காப்பர். கிடைக்காது என்றால் அவர்களைக் குறைகூறுவதில் பயனில்லை. பயணிகள் தரும் கட்டணம் பூங்காவின் காவலுக்கும் தீவுகளின் ஊராட்சிக்கும் பகிர்ந்தளிக்கப்படுகிறது. அந்தக் காவலின் பயனையும் காண்கிறோம். எஸ்பஞோலா தீவில் ஒரு காலத்தில் எஞ்சியிருந்த ஆமைகள் பதினான்கே. அவற்றைக் காப்பகத்துக்குக் கொண்டுவந்தனர். அமெரிக்காவின் சான்டியாகோ விலங்குக் காட்சிசாலையிலிருந்து திரும்பிய தியேகோ என்னும் ஆண் ஆமையும் அவற்றோடு சேர்ந்தது. அந்தப் பதினைந்தின் வழித்தோன்றல்களால் தீவு மீண்டும் நிரம்பியது. 2020-இல் ஆமைகளின் தொகை இரண்டாயிரத்தைக் கடந்திருந்தது. அவ்வாண்டு ஜூனில் அந்த முதிய பதினைந்தையும் தம் பிறப்பிடத்துக்கே கொண்டுபோய் விட்டனர். பணி முடித்து ஓய்வுபெற்று ஊர் திரும்புவோரைப் போல அவை திரும்பின என்று படித்தபோது என் நெஞ்சு நெகிழ்ந்தது.

எனவே என் மனைவிக்கு நான் இவ்வாறு விடை கூறினேன்: “போகலாம். ஆனால் ஒரே ஒரு முறை போவோம். விரைந்து ஓடாமல் பத்து நாள் ஓரிடத்தில் தங்குவோம். அவ்வூரார் நடத்தும் விடுதியில் உண்போம். ஆமை ஓட்டையோ சங்கையோ ஒரு பிடி மணலையோ கொண்டுவர மாட்டோம். விதிகளைக் காவலர் பார்க்கிறாரா என்று நோக்காமல் கடைப்பிடிப்போம். இதற்கு நம்மில் ஒருவர் உடன்படாவிட்டாலும் பயணம் வேண்டாம்.” அவர் சிறிது யோசித்து, “முதலில் பிள்ளைகளைச் சோதித்துப் பாருங்கள்” என்றார்.

நல்ல யோசனை அது. தேர்வுக்கு முன் ஒத்திகைத் தேர்வு வைப்பது ஆசிரியர் வழக்கம்தானே? மழைக்காலத்தில் குழந்தைகளைச் சிவகங்கைப் பக்கத்திலுள்ள வேட்டங்குடிக்கு அழைத்துச் செல்ல எண்ணியிருக்கிறேன். அங்குள்ள கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், கண்மாயில் கூடு கட்டும் பறவைகள் அஞ்சும் என்று தீபாவளிக்குப் பட்டாசும் வெடிப்பதில்லை. ஒரு மணிநேரம் கரையில் சத்தமின்றி அமர்ந்து, கல்லெறியாமல், கைதட்டாமல் பறவைகளைப் பார்த்துவரும் குழந்தைக்கு மறு பயணத்துக்குத் தகுதி உண்டு. அமர இயலாத குழந்தை இன்னும் ஓராண்டு காத்திருக்கட்டும். பெரியவர்களுக்கும் இதே தேர்வுதான்.

நேயர்களே, அச்சம் என்பது ஒருமுறை கற்றால் எளிதில் மறவாத பாடம். நம் ஊர்க் காகம் நாம் குனிந்தாலே பறந்துவிடுகிறது. கல் எடுக்கத்தான் குனிகிறோம் என்று அதன் இனம் கற்றுக்கொண்டுவிட்டது. உலகில் இன்னும் சில இடங்களிலேனும், மனிதன் நடந்து வரும்போது தலையைத் திருப்பி ஒரு பார்வை பார்த்துவிட்டு மீண்டும் கண்மூடி உறங்கும் உயிர்கள் இருக்கின்றன. அவற்றின் உறக்கம் கலையாமல் சென்று வருவதற்கு உரிய பழக்கத்தை இங்கேயே, நம் வீட்டு வாசலிலேயே கற்றுக்கொள்ள வேண்டும். அந்தப் பழக்கம் கைவந்தவருக்குப் பயணச்சீட்டு வாங்குவது கடைசி வேலை. அதை நான் இன்னும் வாங்கவில்லை.